லேவியராகமத்தின் பலிமுறைகளை முதன்முறையாக வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்குபவர்களில் பலர், யாத்திராகமத்தின் பிற்பகுதியில் திரைச்சீலைகளின் நீள அகலங்களுக்குள் நுழைந்ததும் தளர்ந்துபோய், லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தில் காளை தோலுரிக்கப்படும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அங்கேயே நின்றிருக்கிறேன். மூன்றாம் முறை ஒவ்வொரு வசனத்துக்கும் உட்பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு, யார் என்ன செய்கிறார், எங்கே நின்று செய்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போனபோதுதான் அந்த நூல் எனக்குத் திறந்தது. இந்த அதிகாரங்கள் ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் செய்முறைகள். அந்த வேலையை மனக்கண்ணில் ஒருமுறை முழுதாகச் செய்து பார்க்காதவருக்கு அவற்றின் பொருள் பிடிபடாது என்பதே என் அனுபவம்.

எதை, எந்த வரிசையில் வாசிப்பது

27 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதில்லை. முதலில் யாத்திராகமம் 25 முதல் 27 வரையும் 40-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பிறகு லேவியராகமம் 1 முதல் 10 வரை, அதன் பின் 16, 17 ஆகியவை. கடைசியாக எண்ணாகமம் 28, 29. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் போதும். யாத்திராகமம் 40-இன் இறுதியில், பாலைவனத்தில் வழிபாட்டுக்காக அமைத்த கூடாரம் கட்டி முடிந்து, கர்த்தருடைய மகிமை அதை நிரப்புகிறது, மோசேயால் உள்ளே நுழைய முடியவில்லை. லேவியராகமத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் அந்தக் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிடுகிறார். எபிரெய மரபில் இந்த நூலுக்கு ‘வயிக்ரா’, அதாவது ‘அவர் கூப்பிட்டார்’ என்பதுதான் பெயர். மனிதர் நுழைய முடியாத ஓர் இடத்தை அவர்கள் எப்படி அணுகுவது என்ற கேள்வியோடு நூல் தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் விதிகள் தனித்தனியாகச் சிதறி நிற்காமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

உங்கள் கையில் இருப்பது எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘சர்வாங்க தகனபலி’, ‘போஜனபலி’, ‘சமாதானபலி’, ‘பாவநிவாரணபலி’ என்று இருப்பவை, திருவிவிலியத்தில் ‘எரிபலி’, ‘உணவுப் படையல்’, ‘நல்லுறவுப் பலி’, ‘பாவம் போக்கும் பலி’ என்று இருக்கும்; ‘ஆசரிப்புக் கூடாரம்’ அங்கே ‘சந்திப்புக் கூடாரம்’. நான் இங்கே பழைய சொற்களையே பயன்படுத்துகிறேன். யூதப் பதிப்புகளோடு ஒப்பிட விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் பதிப்புகளில் 6-ஆம் அதிகாரத்தின் முதல் 7 வசனங்களாக இருப்பவை அங்கே 5-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களாக எண்ணப்பட்டிருக்கும்.

முதற்படி: தாளில் வரைந்து பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். முழம் என்பது பூக்கடையில் சரம் அளக்கும் அதே அளவுதான், முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். பிராகாரம் 100 முழ நீளமும் 50 முழ அகலமும் உடையது என்பதால், தாளில் 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கட்டம் வரையுங்கள். கிழக்குப் பக்கத்தின் நடுவில் 20 முழ வாசலுக்காக 4 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். வாசலைத் தாண்டியதும் பலிபீடம்: 5 முழச் சதுரம், தாளில் ஒரு சென்டிமீட்டர். அதற்கும் கூடாரத்துக்கும் நடுவே வெண்கலத் தொட்டி. மேற்குப் பகுதியில் கூடாரம், 30 முழ நீளம், சுமார் 10 முழ அகலம். அதன் உட்கோடியில் ஏறத்தாழ 10 முழத்தைத் திரையால் பிரித்தால், அது உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலம். திரைக்கு இப்புறம் சமுகத்தப்ப மேசை (கர்த்தர் முன் அப்பம் வைக்கும் மேசை), குத்துவிளக்கு, தூபபீடம்.

பலிபீடம் என்றவுடன் நம் ஊர்க் கோயில்களில் கொடிமரத்தருகே இருக்கும் கற்பீடம் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் படத்தை இங்கே கொண்டுவராதீர்கள். யாத்திராகமம் 27 சொல்வது சீத்திம் மரப்பலகைகளால் உள்கூடாகச் செய்து வெண்கலத்தால் மூடிய, நான்கு மூலைகளிலும் கொம்புகள் உள்ள, தண்டுகளைக் கோர்த்துத் தோளில் சுமந்து செல்லக்கூடிய ஓர் அடுப்பு. கொம்பு என்பதை வெறும் அலங்காரம் என்று எண்ணவும் வேண்டாம். பாவநிவாரணபலியின் இரத்தம் பூசப்படும் இடம் அதுதான். 1973-இல் தென் இஸ்ரவேலின் பெயெர்செபா அகழாய்வில், பிற்காலக் கட்டடம் ஒன்றின் சுவரில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த கற்களைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட கொம்புகளோடு கூடிய ஒரு கற்பலிபீடம் உருவானது.

இரண்டாம் படி: ‘பலி’ என்ற சொல்லைச் சற்றே தள்ளி வையுங்கள்

தமிழில் பலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெட்டுதல். ஆனால் லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் போஜனபலியில் வெட்டுவதற்கு எதுவுமே இல்லை. மெல்லிய மா, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு, அவ்வளவுதான். இந்த முரணை நீக்கும் எபிரெயச் சொல் ‘கொர்பான்’. நெருங்கு, கிட்டே வா என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கிட்டே கொண்டுவரப்படுவது எதுவாயினும் கொர்பான்தான். மாற்கு 7:11-இல் நம் மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘குர்பானா’வும், பக்ரீத் நாளில் நாம் கேட்கும் ‘குர்பானி’யும் அதே செமித்திய வேரின் கிளைகளே. ஆகவே ‘பலி செலுத்தினான்’ என்று வரும் இடங்களில் ‘கிட்டே கொண்டுவந்தான்’ என்று ஒருமுறை மாற்றி வாசித்துப் பாருங்கள். நீங்கள் வரைந்த படத்தில் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு நோக்கி ஒருவர் நடந்துவருவது தெரியத் தொடங்கும்.

மூன்றாம் படி: இரண்டு நிறப் பேனாக்களோடு முதல் அதிகாரம்

இந்த வழிகாட்டியில் நீங்கள் செய்தே பார்க்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். சர்வாங்க தகனபலியைச் சொல்லும் லேவியராகமம் 1:3 முதல் 9 வரை உள்ள வசனங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பலியைக் கொண்டுவருபவர் செய்வதை நீல நிறத்திலும், ஆசாரியர் செய்வதைச் சிவப்பிலும் அடிக்கோடிடுங்கள். பழுதற்ற ஆண் மிருகத்தைக் கூடார வாசலுக்குக் கொண்டுவருபவர் அவரே: நீலம். அதன் தலைமேல் கை வைப்பவர் அவரே: நீலம். கொல்பவர்? பெரும்பாலோர் ஆசாரியர் என்று நினைக்கிறார்கள். வசனமோ கொண்டுவந்தவரையே சொல்கிறது. இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் சுற்றிலும் தெளிப்பது ஆசாரியர்: சிவப்பு. தோலுரித்துச் சந்துசந்தாகத் துண்டிப்பது மறுபடியும் கொண்டுவந்தவர். நெருப்பும் விறகும் அடுக்குவது, துண்டங்களையும் தலையையும் கொழுப்பையும் அதன்மேல் வைப்பது ஆசாரியர். குடல்களையும் தொடைகளையும் தண்ணீரால் கழுவுவது கொண்டுவந்தவர். எல்லாவற்றையும் எரிப்பது ஆசாரியர்.

நிறங்கள் மாறி மாறி வருவதைக் கண்டபின் இந்த அதிகாரத்தை ஒரு பார்வையாளரின் சடங்காக யாராலும் நினைக்க முடியாது. இங்கே வழிபட வந்தவர் தட்டை நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்பவர் அல்லர்; முழங்கை வரை ஈரத்தோடும் இரத்தத்தோடும் நிற்பவர். சூடான குடலைக் கையில் ஏந்திக் கழுவுகிறவர், தன் தொழுவத்தில் பிறந்து வளர்ந்த காளையைத்தான் கழுவுகிறார். முழுவதும் எரிக்கப்படுவதால் ஒரு துண்டு இறைச்சியும் அவர் வீட்டுக்குத் திரும்பாது. தோல் மட்டும் ஆசாரியருக்குச் சேரும் என்று 7:8 சொல்கிறது. தாவீது அர்வனாவின் களத்தையும் மாடுகளையும் இலவசமாகப் பெற மறுத்து, செலவில்லாமல் வாங்கித் தகனபலி செலுத்தமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தது ஏன் என்பது இந்தக் கணக்கை அறிந்தவருக்கே உறைக்கும்.

புறா, காட்டுப்புறா என்று வரும்போது (1:14 முதல்) நிறம் முழுவதும் சிவப்பாகிவிடும். சிறு பறவையை ஆசாரியரே கையாளுகிறார்.

நான்காம் படி: ஐந்து பலிகளையும் நான்கு கேள்விகளால் பிரித்தறிதல்

ஐந்து பெயர்களையும் (சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி) மனப்பாடம் செய்ய முயன்று குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது, கொண்டுவரப்படுவது என்ன, இரத்தம் எங்கே போகிறது, யார் உண்கிறார், மிச்சம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 1 முதல் 6:7 வரை பலி கொண்டுவரும் மக்களை நோக்கியும், 6:8 முதல் 7-இன் பெரும்பகுதி ஆசாரியரை நோக்கியும் சொல்லப்பட்டிருப்பதால், ஒவ்வொரு பலியைப் பற்றியும் இரண்டு இடங்களில் வாசிக்க வேண்டும். சொன்னதையே சொல்வதாகத் தோன்றுவது இதனால்தான்.

சமாதானபலியில் இந்தக் கேள்விகள் உடனே பலன் தரும். அங்கே கொழுப்பு மட்டும் எரிக்கப்படுகிறது. செம்மறியாக இருந்தால் முழு வாலும் சேர்த்து. ஆட்டு வாலை எரிப்பதில் என்ன இருக்கிறது என்று நம் ஆடுகளைப் பார்த்துப் பழகியவருக்குத் தோன்றலாம். மேற்காசியச் செம்மறியின் வால் அகன்று தொங்கும் கொழுப்புப் பை, சில கிலோ எடை வரும், சமையலில் மிக விரும்பப்படுவது. அந்த மேலான பங்கு கர்த்தருக்கு. மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு. மீதி முழுவதும் கொண்டுவந்தவர் தம் வீட்டாரோடு உண்ண வேண்டியது. ஸ்தோத்திர பலியாயிருந்தால் அன்றைக்கே உண்டு முடிக்க வேண்டும். பொருத்தனையோ (நேர்ந்துகொண்டது) உற்சாகமோ (தானாக விரும்பித் தருவது) ஆனால் மறுநாள்வரை வைக்கலாம். மூன்றாம் நாள் மிஞ்சுவது நெருப்புக்கு. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் தீர்க்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தாரையும் அழைக்காமல் முடியாது என்பது நம் ஊர்க் கிடாவிருந்து கண்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த விதியைத் தெரிந்துகொண்டு 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். சீலோ என்ற வழிபாட்டு ஊரில் ஆசாரியர்களான ஏலியின் குமாரர், கொழுப்பை எரிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சியைக் கேட்கிறார்கள். பலியிட வந்த எளிய மனிதரோ, முதலில் கொழுப்பு எரியட்டும், பிறகு உமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். ஆசாரியருக்குத் தெரியாத ஒழுங்கு வழிபட வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. லேவியராகமம் 3 வாசிக்காதவருக்கு இது ஏதோ உணவுப் பேராசைக் கதை மட்டுமே.

பாவநிவாரணபலிதான் மிகுந்த கவனம் கேட்பது. பெயரைப் பார்த்து, பாவம் செய்தவரின் மேலிருந்து பாவத்தைக் கழுவுவது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பிள்ளை பெற்ற தாயும் (12-ஆம் அதிகாரம்), விரத நாட்களைக் குறையின்றி முடித்த நசரேயனும் (எண்ணாகமம் 6) இதே பலியைக் கொண்டுவர வேண்டும். அவர்கள் செய்த பாவம் என்ன? மேலும் இந்தப் பலியின் இரத்தம் கொண்டுவந்தவர் மேல் பூசப்படுவதே இல்லை. சாதாரண மனிதருக்காக என்றால் தகனபலிபீடத்தின் கொம்புகளில். பிரதான ஆசாரியருக்கோ சபை முழுவதற்குமோ என்றால் கூடாரத்துக்குள் திரைக்கு எதிரே ஏழு முறை தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில். 20-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் இவற்றை வைத்து, இதைச் ‘சுத்திகரிப்புப் பலி’ என்றே சொல்ல வேண்டும், மக்களின் தவறுகளாலும் தீட்டுகளாலும் பரிசுத்த ஸ்தலத்தில் படியும் மாசை நீக்குவதே அதன் வேலை என்று வாதிட்டார். 16:16-ஐ வாசித்தால் அவர் சொல்வதன் பலம் தெரியும். எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே படுகிறது. என்றாலும் 4-ஆம் அதிகாரம் ‘அவனுக்கு மன்னிக்கப்படும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதையும் நாம் தள்ளிவிடக் கூடாது. அறியாமல் செய்த பிழைகளுக்கே இந்தப் பலி. துணிகரமாகச் செய்தவருக்கு எண்ணாகமம் 15:30 வழி எதுவும் காட்டவில்லை.

குற்றநிவாரணபலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறருடைய பொருளை வஞ்சித்து எடுத்துப் பொய்யாணை இட்டவர், முதலில் அதை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகுதான் ஆட்டுக்கடா. வரிசையைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: ஏழைக்கான வசனங்களைத் தேடிக் குறியிடுங்கள்

5-ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டி தர வேண்டிய இடத்தில், அதற்கு வசதியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்று வருகிறது. அடுத்து, அதற்கும் வசதியில்லாதவர் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம் என்று வருகிறது; ஏறத்தாழ 2 லிட்டர் மாவு. அதன்மேல் எண்ணெயும் வேண்டாம், தூபவர்க்கமும் வேண்டாம். ஆசாரியர் ஒரு கைப்பிடி எடுத்து எரிக்கிறார், அதே ‘மன்னிக்கப்படும்’ என்ற சொல் இங்கேயும் வருகிறது. இரத்தமில்லாமல் இங்கே நிவிர்த்தி நடக்கிறது என்பதை எளிய விளக்கங்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன. இத்தகைய சலுகைகளை 1, 5 ஆகிய அதிகாரங்களிலும், நம் வாசிப்பு வரிசையில் இல்லாத 12, 14, 27 ஆகிய அதிகாரங்களிலும் தேடி ஓரக்குறியிட்டுக்கொண்டே வாருங்கள்.

ஆறாம் படி: அன்றாடத்தை மறவாதீர்கள்

வருடத்துக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் தேதி நடக்கும் பாவநிவிர்த்தி நாள் எல்லோரையும் ஈர்க்கும். 16-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் ஒரு கை வைக்கப்பட்டது, இங்கே பிரதான ஆசாரியரான ஆரோன் உயிருள்ள கடாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து அறிக்கையிடுகிறார் என்பதையும், அந்தக் கடா கொல்லப்படாமல் வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘போக்காடு’ என்று நம் மொழிபெயர்ப்பு சொல்வதற்கு மூலத்தில் ‘அசாசேல்’ என்று இருக்கிறது. அது ஓர் இடமா, ஓர் ஆவியா, அனுப்பிவிடப்படும் ஆடா என்பதில் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை.

ஆனால் அந்த ஒரு நாளைத் தாங்கி நின்றவை மற்ற நாட்கள். எண்ணாகமம் 28-இன்படி காலையில் ஒரு வயதுள்ள ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றோடும் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, கால் ஹின் (ஹின் என்பது ஒரு திரவ அளவு) எண்ணெய், கால் ஹின் பானபலி. ஓய்வுநாளில் இன்னும் இரண்டு குட்டிகள். லேவியராகமம் 6:10-11-இல் வரும் காட்சி எனக்கு இந்த நூல் முழுவதிலும் மிகப் பிடித்தது: ஆசாரியர் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, இரவெல்லாம் எரிந்த சாம்பலை அள்ளிப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்டுகிறார், பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை உடுத்தி, சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுத்தமான இடத்துக்குச் சுமந்துபோகிறார். காலைதோறும் விறகு அடுக்குகிறார், நெருப்பு அவியக் கூடாது. வாசல் தெளிப்பதுபோன்ற அன்றாட வேலைதான், ஆனால் அதற்கும் உடை உண்டு, இடம் உண்டு, வரிசை உண்டு.

ஏழாம் படி: கூடாரமும் ஆலயமும் ஒன்றல்ல

இதுவரை பார்த்தது பாலைவனக் கூடாரம். எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மாளிகை 60 முழ நீளம், 20 முழ அகலம், 30 முழ உயரம். ஏழு வருடத்தில் கட்டி முடிக்கப்பட்டது. பாபிலோனியர் அதை கி.மு. 586 வாக்கில் அழித்தனர். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயம் கி.மு. 515 வாக்கில் நிறைவேறியது. ஏரோது கி.மு. 20 வாக்கில் அதைப் பெரிதாக்கத் தொடங்கினார். கி.பி. 70-இல் ரோமர் அதை எரித்தபின் அங்கே பலிகள் இல்லை. அந்தக் கடைசி ஆலயத்தில் ஒரு காலைப்பொழுது எப்படித் தொடங்கியது, யார் சாம்பல் அள்ளுவது என்று எப்படிச் சீட்டுப் போட்டார்கள் என்பதையெல்லாம் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ‘தாமீத்’ என்ற பகுதி விவரிக்கிறது. அது மிகச் சிறியது. லேவியராகமம் 6-ஐ முடித்தவர்கள் துணிந்து எடுக்கலாம்.

யூதர் பலியை விட்ட பிறகும் இந்த அதிகாரங்களை விடவில்லை. அவர்களுடைய காலை, பிற்பகல் ஜெபங்கள் அன்றாட இரண்டு ஆட்டுக்குட்டிகளின் நேரத்தைத் தழுவியவை. சிறுவர் வேதம் கற்கத் தொடங்குவது லேவியராகமத்திலிருந்து என்ற மரபும் உண்டு. பலி ஏன் கட்டளையிடப்பட்டது என்பதில் அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது: அக்காலத்து மக்கள் பழகிய வழிபாட்டு முறையை ஒரேயடியாகப் பிடுங்காமல் கடவுள் தம் பக்கம் திருப்பினார் என்று 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார், அடுத்த நூற்றாண்டில் நக்மானிடிஸ் அதைக் கடுமையாக மறுத்தார். சமாரியர் மட்டும் கெரிசீம் மலையில் பஸ்கா ஆட்டை இன்றும் பலியிடுகிறார்கள்.

எட்டாம் படி: இனித் தீர்க்கதரிசிகளும் புதிய ஏற்பாடும்

செய்முறை மனத்தில் பதிந்தபின் ஏசாயா 1, ஆமோஸ் 5, மீகா 6, மல்கியா 1 ஆகியவற்றை வாசியுங்கள். முன்கூட்டியே வாசித்தால் பலிகளே வீண் என்று அவர்கள் சொல்வதாகத் தோன்றும். மல்கியாவோ குருடும் முடமுமான ஆட்டைக் கொண்டுவருகிறவரை நோக்கி, அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்கிறார். பலியின் ஒழுங்கை மதித்தவரால்தான் அப்படிக் கோபப்பட முடியும். ஏசாயா கண்டிப்பது இரத்தக்கறை படிந்த கையோடு, திக்கற்றோரின் வழக்கை ஒதுக்கிவிட்டு, பிராகாரத்தை மிதிக்க வருபவர்களை. குற்றநிவாரணபலியின் வரிசையை, முதலில் உரியவருக்கு, பிறகு பலிபீடத்துக்கு என்பதை, நினைத்துக்கொண்டு வாசியுங்கள். மத்தேயு 5:23-24-உம் அதன் பக்கத்தில் வந்து நிற்கும்.

கிறிஸ்தவ வாசகர்கள் எபிரெயர் நிருபத்தைக் கடைசியில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 13-ஆம் அதிகாரத்தில் இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்று வரும்போது, பாவநிவாரணக் காளையின் உடல் பாளயத்துக்குப் புறம்பே சாம்பல் கொட்டும் இடத்தில் எரிக்கப்பட்டதை உங்கள் வரைபடத்தில் பிராகாரத்துக்கு வெளியே குறித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே லூக்கா 2:24-ஐ ஒருமுறை பாருங்கள். குழந்தையை எருசலேமுக்குக் கொண்டுவந்த மரியாளும் யோசேப்பும், ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது செலுத்த வந்தார்கள் என்று மட்டும் லூக்கா எழுதியிருக்கிறார், காரணம் சொல்லவில்லை. லேவியராகமம் 12:8-இல் நீங்கள் ஓரக்குறி இட்டிருந்தால், அந்த வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கப் பணமில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும்.